அணிந்துரைக்கு ஏற்ற முடிவு

தமிழில் ஒரு புத்தகம் வெளிவர வேண்டுமென்றால் எழுதியவர் மட்டும் போதாது. அது நல்ல புத்தகம்தான் என்று முன்பக்கத்தில் சொல்வதற்கு இன்னொருவர் வேண்டும். அவருக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், பெயரோடு ஒரு பட்டம் ஒட்டியிருக்க வேண்டும், கூடியமட்டும் ஆணாக இருக்க வேண்டும். இப்படி யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. ஆனாலும் அணிந்துரை இல்லாத புத்தகத்தை, அழைக்காத கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோலத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த ஐவி, நாவல் எழுதிய மூன்று வருஷமும் இந்தச் சங்கதியை நினைத்துப் பார்க்கவே இல்லை. பகலில் பிள்ளைகளோடு கத்துவாள். சாயங்காலம், அம்மா இராசம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டும்போது, அந்த வெளிச்சத்திலேயே கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "கண்ணு போயிரும்டி" என்பதற்கு மேல் இராசம்மா ஒன்றும் கேட்டதில்லை.

நாவலுக்கு 'தன் பேரில்' என்று பெயர் வைத்திருந்தாள். கதை சிக்கலில்லாத கதைதான். பெண்சாதி எடுக்கிற கொழுந்துக்குச் சம்பளத்தைப் புருஷன் கையில் கொடுப்பது தோட்டத்து வழக்கம். கதாநாயகி அழகம்மாவின் புருஷன் அதை வாங்கிக்கொண்டு நேரே கள்ளுத் தவறணைக்குப் போகிறவன். ஒருநாள் அவள் பொறுத்தது போதுமென்று வேறு தோட்டத்துக்குப் போகிறாள். விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் போய் நின்று, தன் பேரைத் தானே சொல்லிப் பதியச் சொல்கிறாள். 'கணக்கப்பிள்ளை பேரை எழுதினார்' என்பதோடு கதை முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் ஐவி மற்ற எல்லாவற்றையும் எழுதினாள் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படி ஒரு நாவல் வளர்ந்துகொண்டிருந்தது வெளியில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ராகலை நாகலெட்சுமி. ராகலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருந்த சோலைமலையின் மனைவி. அவர் எழுதிய 'ஏழாம் நம்பர் மலை' என்ற நாவல் தோட்டம் தோட்டமாகக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. அதில் வரும் வீரம்மா, புருஷன் வீட்டை விட்டு வெளியேறி, கடைசி அத்தியாயத்தில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து செத்துப்போவாள். அதைப் படித்துவிட்டு ஐவிக்குச் சோறு இறங்கவில்லை. மனசு தாங்காமல், பழக்கமில்லாத அந்த அம்மாளுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் போட்டாள். அரிசிக்கடை பில் தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது.

'தங்கச்சி, படித்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது நானும்தான் அழுதேன். அது கிடக்கட்டும், நீ என்ன எழுதிக்கொண்டிருக்கிறாய்? எழுதாதவர்கள் இவ்வளவு நீளமாகக் கடிதம் போடமாட்டார்கள்.'

பிடிபட்டுப்போன ஐவி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து நிற்கவே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. டிக்கோயா தபால் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குப் பை தூக்கிவரும் மூக்கன் மட்டும், "டீச்சர், ஒங்களுக்கு ராகலையில இருந்து அரிசி பில்லு வந்திருக்கு. ரொம்பக் கடன் போல" என்று ஒவ்வொரு தடவையும் கேலி பண்ணுவான்.

நாவல் முடிந்ததும் நாகலெட்சுமி சும்மா இருக்கவில்லை. கொழும்பு ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் அச்சகம் வைத்திருந்த தன் பதிப்பாளர் கணேசமூர்த்திக்கு எழுதினார். ஐவியும் அவருக்கு ஒரு படி எழுதி அனுப்பினாள். கணேசமூர்த்தியிடமிருந்து ஐவிக்குப் பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறது, போடலாம், ஆனால் கண்டியிலிருக்கும் வித்துவான் கந்தப்பனாரிடம் அணிந்துரை வாங்க வேண்டும். பள்ளிக்கூட நூலகங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்கிற குழுவில் வித்துவான் இருக்கிறார். அவர் பெயர் முன்னால் இருந்தால் புத்தகம் நாடு முழுக்கப் போகும்.

ஐவிக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு உடனே எழுதினாள். எப்போதும் இரண்டு பக்கத்துக்குக் குறையாத அக்காவிடமிருந்து இந்தத் தடவை இரண்டே வரி வந்தது. 'நல்லது, அனுப்பு. ஆனால் இன்னொரு படி எழுதிக் கையில் வைத்துக்கொள்.' கடையில் வேலை அதிகம்போல என்று ஐவி நினைத்துக்கொண்டாள்.

கொப்பிகளை இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, மாப்பசை போட்டு ஒட்டினாள். கூடவே நல்ல தேயிலைத் தூளில் ஒரு பொட்டலமும் வைத்து அனுப்பினாள். அது தை மாசம். மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரைத் தேரும் போயிற்று.

"என்னாடி, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு அந்த ஐயாவுக்கு இம்புட்டு நாளா?" என்று கேட்டாள் இராசம்மா.

"முழுசா வாசிக்கணும்ல அம்மா."

"அப்ப தேத்தூள் முடிஞ்சிருக்கும்."

ஆடியில், மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், எல்லாம் சேர்ந்தாற்போல் வந்தன. வித்துவான் திருப்பியனுப்பிய கொப்பிக் கட்டுகள், கணேசமூர்த்தியின் கடிதம், அச்சுக் கோத்த அணிந்துரையின் புரூப். அணிந்துரை ஒன்பது பக்கம். முதல் ஆறு பக்கம் கற்பைப் பற்றி. ஐவி பொறுமையாகப் படித்துக்கொண்டு போனாள். ஏழாம் பக்கத்தில் அவளுடைய கதை வந்தது.

'கணவனைப் பிரிந்து நெறி தவறிய அழகம்மா, ஈற்றில் தன் பிழையுணர்ந்து மீண்டு வந்து, கண்ணீரால் அவன் பாதங்களைக் கழுவி, இல்லறமாம் நல்லறத்தில் மறுபடியும் அடிவைக்கும் காட்சியைச் செல்வி ஐவி கல்லும் கரையும் வண்ணம் தீட்டியுள்ளார்.'

அப்படி ஒரு காட்சியை நாம் எழுதினோமா என்று ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் கட்டுகளை எடுத்துப் பார்த்தாள். முதல் கட்டு பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது கட்டில் அவள் போட்ட பசை போட்டபடியே இருந்தது.

கணேசமூர்த்தியின் கடிதம் சுருக்கமாக இருந்தது. அணிந்துரை அச்சுக் கோத்தாகிவிட்டது. கடைசி அத்தியாயம் அதோடு ஒத்துவரவில்லை. அதை மட்டும் மாற்றி எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை ஹட்டன் வருகிறேன், புத்தகக் கடையில் பார்க்கலாம்.

சனிக்கிழமை நனைந்த குடையோடு ஐவி ஹட்டன் போய்ச் சேர்ந்தபோது, கணேசமூர்த்தி கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வட்ட முகம், தங்கப் பல். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. எழுந்து நாற்காலியைக் கொடுத்து, தேத்தண்ணிக்கும் சொன்னார்.

"வித்துவான் ஐயா ரெண்டாவது கட்டப் பிரிக்கவே இல்லீங்க" என்றாள் ஐவி. "பசை ஒட்டுனது ஒட்டுன மாதிரியே இருக்கு."

கணேசமூர்த்தி ஆச்சரியப்படவில்லை. "வயசானவங்க டீச்சரம்மா. பாதி வாசிச்சா மீதி அவங்களுக்கே தெரிஞ்சிரும்."

"தெரியலீங்களே. தப்பால்ல எழுதியிருக்காங்க."

"அத அவர்கிட்ட போயி நான் சொல்ல முடியுமா? இல்ல நீங்கதான் சொல்லுவீங்களா? அவர் எழுதுனது அவர் எழுதுனதுதான், அதுல கை வைக்க முடியாது. கத உங்களோடது. அதத்தானே மாத்தலாம். கடைசி நாலு பக்கம், அவ்வளவுதான்."

"அழகம்மா திரும்பிப் போக மாட்டாங்க."

"நீங்க எழுதுனா போயிருவாங்க."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கணேசமூர்த்தி குரலைத் தணித்துக்கொண்டு, "நாலு பேரு கைக்குப் போகணும்னுதான் சொல்றேன். இந்த மாசக் கடைசிக்குள்ள குடுத்துருங்க. இல்லாட்டி நான் வேற புத்தகத்த எடுத்துருவேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதிப் பார்த்தாள். எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். மூன்று வருஷ உழைப்பு நாலு பக்கத்துக்காகக் குப்பைக்குப் போக வேண்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்கும்போதே வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் ராகலைக்கு எழுதினாள்.

'மாற்றிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன் அக்கா. வெளியே வராத புத்தகத்தில் அழகம்மா எங்கே போனால் யாருக்கு என்ன? ஆனால் அவளை எப்படித் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. லயத்து வீட்டு வாசல்வரை வருகிறாள், உள்ளே போக மாட்டேன் என்கிறாள். நீங்கள் வீரம்மாவுக்கு எழுதிய மாதிரி, படிக்கிறவர் மனசு உருகுகிற மாதிரி ஒரு முடிவு எழுத எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.'

பதில் இந்தத் தடவை பில் தாளில் வரவில்லை. நல்ல வெள்ளைத் தாள், கனத்த உறை. "கடன் தீந்திருச்சு போல டீச்சர்" என்றான் மூக்கன். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்று ஐவி அதைப் பிரித்தாள்.

'தங்கச்சி, வீரம்மாவை நான் சாகவிடவில்லை. நான் எழுதிய கதையில் அவள் பாலத்தைத் தாண்டிப் போனாள். போகும்போது ஆற்றைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். வித்துவான் பாலம்வரை வாசித்திருக்கிறார். "மானம் காக்க உயிர் நீத்த மங்கை" என்று அணிந்துரை வந்தது. கணேசமூர்த்தி உனக்குச் சொன்னதைத்தான் எனக்கும் சொன்னார். கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியான நேரம், அரிசி மூட்டை மேலே தாளை வைத்து அவளைத் தள்ளிவிட்டேன். அழுதேன் என்று உனக்கு எழுதினேனே, எதற்காக அழுதேன் என்று இப்போது தெரியும்.

அந்தப் பெரியவருக்குப் பொம்பளை வீட்டை விட்டு வெளியே போனால் இரண்டே வழிதான். ஒன்று திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் சாக வேண்டும். என்னுடையவள் ஆற்றங்கரைக்குப் போனதால் செத்தாள். உன்னுடையவள் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போனாள், அதனால் பிழைத்துத் திரும்பிவிட்டாள். அந்த மட்டும் நீ அதிர்ஷ்டக்காரி.

ஊர் முழுக்க அந்தச் சாவைத்தான் மெச்சுகிறது. நீயும் அதை மெச்சித்தான் முதல் கடிதம் போட்டாய். அவர் மாறியிருப்பார் என்று நினைத்து உன்னை அனுப்பச் சொன்னேன். நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம். இப்போது நீ என்னிடமே வந்து எப்படிச் செய்வது என்று கேட்கிறாய். உன்னால் செய்ய முடியவில்லை என்றால் அது குறை இல்லை, தங்கச்சி. என்னால் முடிந்தது, அதுதான் என் குறை. வித்துவான் வேண்டாம். நீ சம்மதித்தால் அணிந்துரையை நான் எழுதுகிறேன்.'

பிள்ளைகள் கணக்கை முடித்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஐவி அவர்களைக் கண்டிக்கவில்லை. அக்கா மேல் கோபம் வந்தது. இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபம். அதைவிட அதிகமாக, அந்த மத்தியானத்தில் அரிசி மூட்டை மேல் தாளை வைத்துக்கொண்டு தனியாக இருந்த அக்காவை நினைத்து மனசு கரைந்துபோயிற்று.

சாயங்காலம் இராசம்மா மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். ஐவி ஆதியோடந்தமாகச் சொன்னாள். வித்துவான் இல்லாவிட்டால் பள்ளிக்கூடங்களுக்கு வாங்க மாட்டார்கள், கணேசமூர்த்தி புத்தகத்தையே போடாமல் விட்டாலும் விடுவார் என்பதையும் மறைக்கவில்லை.

"ஒங் கதையில அந்தப் புள்ள பேர் பதிஞ்சாளா இல்லியா?" என்று கேட்டாள் இராசம்மா.

"பதிஞ்சா."

"பதிஞ்ச பேர வெட்டுறது தோட்டத்துத் தொரமாரு வேல. அத நீ எதுக்குச் செய்ற?" என்று சொல்லிவிட்டு, இராசம்மா விறகை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஐவி கணேசமூர்த்திக்கு எழுதினாள். முடிவை மாற்ற முடியாது, வித்துவானின் அணிந்துரை வேண்டாம், ராகலை நாகலெட்சுமி அம்மாவின் அணிந்துரையோடு போட விருப்பமிருந்தால் போடுங்கள். பதில் வரவில்லை. மாசக் கடைசியும் போயிற்று. அவர் சொன்ன வேறு புத்தகத்தை எடுத்திருப்பார் என்று ஐவி மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தேறவில்லை. மூக்கன் கேலி பண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

ஐப்பசியில் மறுபடி பில் தாளில் ஒரு கடிதம் வந்தது. 'கணேசமூர்த்தி என் இரண்டாவது நாவலை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் வருகிறவளையும் யார் கொல்லுவார்களோ என்று பயந்து பெட்டிக்குள் வைத்திருந்தேன். இப்போது தருகிறேன் என்று எழுதிவிட்டேன். ஆனால் முதலில் உன்னுடையது, எழுதினது எழுதினபடி. அதற்குப் பிறகுதான் என்னுடையது. அதற்கும் வித்துவான் கிடையாது, அணிந்துரையை நீ எழுதுவாய். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கணேசமூர்த்தி ஒத்துக்கலைன்னா ரெண்டும் போச்சே" என்றார். போனால் போகட்டும் என்றேன்.'

ஐவி அந்தத் தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் கணேசமூர்த்தியின் கடிதம் வந்தது, மனுஷன் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். நினைத்ததில் பாதிப் பிரதிகள்தான் அடிக்க முடியும், வித்துவான் கோபித்துக்கொண்டால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் 'ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் அணிந்துரை எழுதி நான் அச்சடித்ததில்லை. வருவது வரட்டும்' என்று முடித்திருந்தார்.

மாசியில் புரூப் வந்தது. ஐவி முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினாள். 'கணக்கப்பிள்ளை பேரை எழுதினார்' என்று அச்சில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் முன்பக்கத்துக்கு வந்தாள். அக்காவின் அணிந்துரை இரண்டே பக்கம். கற்பு இல்லை, கல் கரையவும் இல்லை. 'நாலாம் அத்தியாயத்தில் மழையை இவ்வளவு நேரம் பெய்ய விட்டிருக்க வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்கள் பாவம்' என்று ஒரு குட்டுகூட இருந்தது. ஐவி வாய்விட்டுச் சிரித்தாள். கடைசிப் பத்திக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

'என் "ஏழாம் நம்பர் மலை"யைப் படித்து வீரம்மாவுக்காக அழுதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் ஆற்றில் விழவில்லை. பாலத்தைத் தாண்டி, சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் ஏறினாள். மலைக்குச் சாமி கும்பிட ஆட்கள் வரும் காலத்தில் அங்கே தேத்தண்ணிக் கடை போடுகிறாள். சுகமாக இருக்கிறாள். அவளைக் கொன்று எழுதிய கை என்னுடையது. அதற்காக அவளிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

அந்தப் பத்தியின் ஓரத்தில் கணேசமூர்த்தி சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார். 'இதை எடுத்துவிடலாமா? ஏழாம் நம்பர் மலை மறுபதிப்பு கட்டுக் கட்டாகக் கடையில் இருக்கிறது. புத்தகம் உங்களுடையது, ஆகையால் நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். நாகலெட்சுமியம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.'

ஐவி அந்தச் சிவப்பு எழுத்தை இரண்டாம் தடவை படித்தாள். தன் கதையில் யாரும் கை வைக்கவில்லை. கேட்டது இன்னொருத்தி கதையின் முடிவை. சரி என்று சொன்னால் புத்தகம் அடுத்த வாரம் மெஷினில் ஏறும். மாட்டேன் என்றால் அந்த மனுஷன் மறுபடி பின்வாங்கலாம். பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே பேனாவை எடுத்து, சிவப்பு எழுத்துக்குக் கீழே எழுதினாள். 'ஓர் எழுத்துக்கூட எடுக்கக் கூடாது. இந்தப் பத்தி இல்லாவிட்டால் என் புத்தகமும் வேண்டாம்.' மூக்கனின் பைக்காகக் காத்திராமல் டிக்கோயாவுக்குத் தானே நடந்துபோய், பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தாள்.

'தன் பேரில்' வைகாசியில் வெளிவந்தது. பத்தி இருந்தது. நூலகங்கள் அதை வாங்கவில்லை. தோட்டங்களில் வாங்கினார்கள், வாங்க முடியாதவர்கள் இரவல் கேட்டார்கள்.

ஆவணியில் முதல் வாசகர் கடிதம் வந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து, பூரணி என்ற கொழுந்து எடுக்கிற பெண், பக்கத்து லயத்துப் பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருந்தாள். தனக்கு வாசிக்கத் தெரியாது, சாயங்காலங்களில் யாராவது வாசிக்க எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டோம் என்று இருந்தது. ஐவி அழகம்மாவைப் பற்றி ஏதாவது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே போனாள். அழகம்மாவுக்கு ஒரு வரிதான், 'நல்லது செய்தாள்' என்று. மிச்சமெல்லாம் வேறு விஷயம்.

'வரும் சீசனுக்கு நாங்கள் லயத்து ஆட்கள் எல்லோரும் சிவனொளிபாதமலைக்குப் போகிறோம். வீரம்மா கடையில்தான் தேத்தண்ணி குடிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். அவள் செத்துப்போனாள் என்று கேட்டபோது நாங்கள் அழுத அழுகைக்கு அவளை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். நல்லதண்ணியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கடை எந்தப் பக்கம் என்று தயவுசெய்து எழுதவும்.'

ஐவி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு ஒரு புது உறையை எடுத்து, பூரணியின் கடிதத்தை அதற்குள் வைத்து, ராகலை முகவரியை எழுதினாள். கூடவே ஒரு துண்டுத் தாளும் வைத்தாள். 'அக்கா, இதற்கு நான் பதில் எழுத முடியாது. கடை எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.'